தாடிக்கு மூன்று மணி நேரம்

2019 அக்டோபர் 1, செவ்வாய்க்கிழமை. குரோம்பேட்டையில் ரயிலை விட்டு இறங்கி, வீடு வந்து, சாப்பிட்டு, பாத்திரம் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு நான் மேசைக்கு வரும்போது இரவு மணி 9:30. இங்க்டோபரின் முதல் நாள். அன்றைய சொல் ‘மோதிரம்’. மோதிரம் அணிந்த ஒரு கிழ மந்திரவாதியை வரைவது என்று காலையிலேயே முடிவு செய்திருந்தேன். முகமும் தொப்பியும் அரை மணியில் முடிந்துவிட்டன. தாடிக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று.

கைவசம் இருந்ததிலேயே மெல்லிய பேனா அது. மூடியில் 005 என்று போட்டிருக்கும். கோட்டின் அகலம் 0.20 மில்லிமீட்டர். அதை வைத்துக்கொண்டு தாடியை மயிர் மயிராக இழுத்தேன். ஒரு மணிக்குப் படுக்கப் போகும்போது பெருமையாகத்தான் இருந்தது. காலையில் எழுந்து பார்த்தால் தாளின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு துடைப்பம். கிழவன் அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தான். மோதிரம் போட்ட விரல் தாடிக்குள் எங்கேயோ புதைந்து போயிருந்தது.

இங்க்டோபர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வரி. ஜேக் பார்க்கர் என்ற அமெரிக்க ஓவியர் மையில் வரையும் தன் கையைப் பழக்கிக்கொள்ள 2009இல் ஆரம்பித்த பயிற்சி இது: அக்டோபரின் 31 நாளும் நாளுக்கு ஒரு மைச் சித்திரம். 2016 முதல் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சொல் கொடுத்துப் பட்டியலும் வருகிறது. தினமும் முடியாதவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் வரையலாம், அதுவும் முடியாதென்றால் வாரத்துக்கு ஒன்று வரையலாம் என்று அவரே சலுகையும் கொடுத்திருக்கிறார். அதைப் படித்தேன். அதெல்லாம் மற்றவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டேன். போதாததற்கு நானாக ஒரு வீம்பையும் சேர்த்துக்கொண்டேன்: 31 படமும் மாயாஜாலக் கதைகளில் வரும் ஆட்களாகவே இருக்க வேண்டும். மந்திரவாதி, சூனியக்காரி, கவசம் போட்ட வீரன், டிராகன், பூதம், வேதாளம். இவர்கள் எல்லோருக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. தாடியோ செதிலோ சங்கிலிக் கவசமோ, வரைகிறவளை விடிய விடிய உட்கார வைக்கிற ஏதாவது ஒன்று அவர்கள் உடம்பில் இருக்கும்.

இரண்டாம் நாள் எலும்புக்கூட்டுச் சிப்பாய். விலா எலும்புக்கு நிழல் போட்டே நள்ளிரவு ஆனது. நான்காம் நாள் ‘உறைதல்’; பனி தேசத்து ராணி, ரோமக் கோட்டின் கைகளுக்குள் கைகளை நுழைத்துக்கொண்டு நின்றாள். ஐந்தாம் நாள் ‘கட்டுதல்’. மார்போடு பாறையை அணைத்துத் தூக்கிக்கொண்டு ஒரு குள்ளன். அலுவலகத்தில் மதியம் மூன்று மணிக்குக் கணக்குத் தாளில் எண்கள் நீந்த ஆரம்பித்தன. ஒரு தொகையை இரண்டு முறை கூட்டினால் இரண்டு விடை வந்தது.

ஏன் அப்படி இழைத்து இழைத்து வரைந்தேன் என்று யோசித்தால், படத்தைப் பார்க்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்விதான் நினைவுக்கு வருகிறது. “எவ்ளோ நேரம் ஆச்சு?” நான்கு மணி நேரம் என்றால் ஒரு ‘அப்பா!’ கிடைக்கும். பத்து நிமிடம் என்றால் ‘ஓ’ என்பார்கள். அந்த ‘அப்பா’வுக்காகக் கோடுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். பேனாச் சித்திரம் என்றாலே நுணுக்கமான கோடுகள் என்ற நினைப்பும் எனக்கு இருந்தது. ஃபிராங்க்ளின் பூத் என்ற அமெரிக்க ஓவியரின் கதை இதில் வேடிக்கையானது. இந்தியானா மாநிலத்தின் பண்ணை வீட்டுப் பையன் அவர். பத்திரிகைகளில் வந்த மரச்செதுக்குப் படங்களைப் பேனாவால் வரைந்தவை என்று நம்பிவிட்டார். உளியின் தடங்களை ஒவ்வொன்றாகப் பேனாவால் நகலெடுத்துப் பழகினார். அந்தத் தவறான புரிதலிலிருந்தே அவருக்கென்று ஒரு அபாரமான பாணி பிறந்தது. அவர் படங்களைக் கைபேசியில் பெரிதாக்கிப் பார்த்துப் பழகியவள் நான். தவறிலிருந்து அவருக்குப் பாணி வந்தது, எனக்குத் துடைப்பம் வந்தது.

ஏழாம் நாள் சரஸ்வதி பூஜை.

இதை நான் நாட்காட்டியில் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. காலையிலேயே அம்மா கையில் சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றாள். “பேனா எல்லாத்தையும் எடுத்துட்டு வா. அந்த மை பாட்டிலையும்.”

“அம்மா, இன்னிக்கு ஏழாவது நாள்மா.”

“ஒரு நாள் வரையலைன்னா குடி முழுகிடாது. நாளைக்கு எடுத்துக்கோ.”

கொலுப்படிக்குப் பக்கத்தில், அப்பாவின் கணக்கு நோட்டுகளுக்கும் அக்கா மகளின் கிரேயான் டப்பாவுக்கும் நடுவில், என் பேனாக்கள் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்தன. அவள் இரண்டாம் வகுப்பு. “சித்தி, தொட்டா சாமி கோச்சுக்கும்” என்று என்னைக் காவல் காத்தாள். அன்றைய சொல் ‘மந்திரத்தில் கட்டுண்டது’ என்பதை அவளிடம் சொல்லிப் பயனில்லை.

விஜயதசமியன்று பேனாக்கள் திரும்பக் கிடைத்தபோது இரண்டு படம் பாக்கி. நேற்றையது ஒன்று, அன்றையது ஒன்று. அன்றைய சொல் ‘நலிந்தது’. வீட்டில் விருந்தாட்கள், சுண்டல், அக்காவை ரயில் ஏற்றிவிடும் வேலை. மிச்சம் இருந்தது ஒரு மணி நேரம். ஒரு மணியில் இரண்டு படம் என்றால் அந்த 005 பேனாவை எடுக்கவே முடியாது. இழுப்பறையில் உறை பிரிக்காமல் கிடந்த பிரஷ் பென் ஒன்றை எடுத்தேன். நிப்புக்குப் பதில் நைலான் முடிகள் கொண்டது. அழுத்தினால் விரல் அகலக் கோடு, தூக்கினால் மயிரிழைக் கோடு. என் கை அதற்குப் பழகியிருக்கவில்லை. அதனால் எல்லாமே தடிமனாக வந்தது. ‘நலிந்தது’ என்ற சொல்லுக்கு ஒரு கிழட்டுச் சூனியக்காரி: கம்பளிக்குள் சுருண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு கறுப்பு மேடு, அதன் உச்சியில் மூக்கு, இரண்டு கண், அவ்வளவுதான். பன்னிரண்டு நிமிடம் ஆனது. எட்டு நாளில் வரைந்தவற்றில் ஆள் உயிரோடு இருந்த முதல் படம் அது.

அடுத்த நாளிலிருந்து எனக்குச் சில கட்டுப்பாடுகள் போட்டுக்கொண்டேன். ஏ4 தாளை இரண்டு முறை மடித்துக் கிழித்தால் ஏ6, அதாவது 105க்கு 148 மில்லிமீட்டர். இனி அதில்தான் வரைய வேண்டும். பேனாவின் தடிமன் மாறாது, தாள் சிறுத்துவிட்டது, கோடுகளுக்கு இடமில்லை. தாளில் வரையும் முன், தீப்பெட்டியை நோட்டில் வைத்து விளிம்பைச் சுற்றிக் கட்டம் போட்டு, அதற்குள் பென்சிலால் ஒரு சின்னப் படம் போடுவேன். காலை ரயிலில், பெண்கள் பெட்டியில், பல்லாவரத்துக்கும் மாம்பலத்துக்கும் நடுவில் நான்கைந்து தீப்பெட்டிகள். ரயிலின் ஆட்டத்தில் நுணுக்கம் எதுவும் கைக்கு அகப்படாது. அதுவே நல்லதாகப் போயிற்று. தீப்பெட்டிக்குள் ஆளை அடையாளம் தெரிந்தால் அந்தப் படம் தேறும். தெரியாவிட்டால், பெரிதாக வரைந்து எத்தனை செதில் ஒட்டினாலும் தெரியாது. (சிவகாசித் தீப்பெட்டிகளின் லேபிளைப் பாருங்கள். அந்த அளவுக்குள் ஒரு சிங்கமோ ஒரு சாவியோ பத்தடி தூரத்திலிருந்தே பெட்டிக்கடையில் கண்ணில் படும். இதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஓவியப் பள்ளி தேவைப்பட்டிருக்கவில்லை, சமையலறையில் தேடியிருந்தால் போதும்.)

கறுப்பு எங்கே என்பதையும் தீப்பெட்டியிலேயே தீர்மானித்தேன். அமெரிக்க காமிக்ஸ் பட்டறைகளில் பென்சில் வேலை ஒருவர் கையிலும் மை வேலை இன்னொருவர் கையிலும் இருக்கும். முழுக் கறுப்பாக நிரப்ப வேண்டிய இடங்களில் பென்சில்காரர் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டு அனுப்புவார். எனக்கு இரண்டு ஆளும் நானே என்றாலும் அந்தக் குறி உதவியது. இரவு 9:30க்குக் களைத்துப்போய் உட்காரும் மைக்காரிக்கு, காலையில் தெளிவாக இருந்த பென்சில்காரி எழுதிவைத்த குறிப்பு அது.

இடையில் ஒரு பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். பிரஷ் பென்னின் மைக்குழல் தீர்ந்த அன்று, குப்பியில் இருந்த வாட்டர்ப்ரூஃப் டிராயிங் இங்க்கை அப்பாவின் பழைய மசிப்பேனாவில் ஊற்றி எழுதிப் பார்த்தேன். அந்த மையில் அரக்கு இருக்கிறது. காய்ந்தால் தண்ணீரில் கரையாமல் இருப்பதற்குக் காரணமே அதுதான். பேனாவின் உள்ளேயும் அது காயும் என்பது மறுநாள் தெரிந்தது. அப்பா இன்று வரை அந்தப் பேனாவைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று நம்புகிறேன்.

சரி, டிராகனுக்கு வருவோம். 12ஆம் நாள், சனிக்கிழமை, அலுவலகம் இல்லை. சொல்லே ‘டிராகன்’ தான். மூன்று நாளாகச் சுருக்கமாக வரைந்ததில் எனக்கே ஒரு குற்ற உணர்ச்சி. இன்று நேரம் இருக்கிறது, நன்றாகச் செய்வோம் என்று பழைய பேனாவை எடுத்தேன். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்து விளக்கு வைக்கும் வரை செதில். கழுத்தில் செதில், வயிற்றில் செதில், வால் நுனியில்கூட ஒரு மில்லிமீட்டர் செதில். தூரத்தில் வைத்துப் பார்த்தால் கம்பி வலையைச் சுருட்டி வைத்த மாதிரி இருந்தது.

மாடியில் சின்னத் தாத்தா இருந்தார். அப்பாவின் சித்தப்பா. மவுண்ட் ரோடு பக்கம் ஒரு பிளாக் செய்கிற இடத்தில் வாழ்நாளெல்லாம் வேலை பார்த்தவர். அச்சுக் கோக்கிற காலத்தில் பத்திரிகைப் படங்கள் எல்லாம் துத்தநாகத் தகட்டில் பிளாக்காகி வந்தால்தான் அச்சேறும். டிராகனை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கி, தாளை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“இது எங்ககிட்ட வந்திருந்தா திருப்பி அனுப்பியிருப்போம்மா.”

“ஏன் தாத்தா?”

“கோட்டுக்கு நடுவுல வெள்ளை எங்க இருக்கு? மை அப்பிக்கும்.”

அப்புறம் அரை மணி நேரம் பாடம் நடந்தது. படத்தை வேண்டிய அளவுக்குப் புகைப்படம் எடுத்து, ஒளிபட்டால் இறுகும் பூச்சு பூசிய தகட்டில் அதை ஏற்றி, தகட்டை நைட்ரிக் அமிலத்தில் இறக்குவார்கள். கோடு இல்லாத இடத்தையெல்லாம் அமிலம் தின்றுவிடும், கோடு மட்டும் மேடாக நிற்கும். கீழ்நோக்கி மட்டும் தின்ன அமிலத்துக்குத் தெரியாது. பக்கவாட்டிலும் அரிக்கும். மெல்லிய கோடு அடியில் அரிபட்டு ஒடிந்து விழுந்துவிடும். அதற்காகக் கோடுகளின் பக்கவாட்டில் ஒரு சிவப்புப் பிசின் பொடியைத் தூவி, சூடு காட்டி ஒட்ட வைத்துவிட்டுத் திரும்ப அமிலத்தில் இறக்குவார்கள். “அந்தப் பொடிக்குப் பேரு என்ன தெரியுமா?” என்று நிறுத்தினார். “டிராகன் ரத்தம்!” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை, மரத்திலிருந்து வடியும் அந்தச் சிவப்புப் பிசினுக்கு உலகம் முழுக்க அதுதான் பெயர்.

படம் போடுகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியும் என்றார். அச்சில் வரும் அளவைவிடப் பெரிதாக வரைவார்கள், சுருங்கும்போது எந்தக் கோடு செத்துப்போகும் என்று கணக்குப் போட்டு வரைவார்கள். அன்று இரவு பழைய விகடன் பக்கங்களில் கோபுலுவின் வசனமில்லாத நகைச்சுவைச் சித்திரங்களைத் தேடிப் பார்த்தேன். ஒரு மாமாவின் தொப்பை ஒரே வளைவு. வேட்டிக்கு மூன்று கோடு. அந்தச் சிக்கனத்தை நான் அதுவரை அவருடைய சுபாவம் என்றே நினைத்திருந்தேன். சுபாவம்தான். ஆனால் அந்தச் சுபாவத்துக்கு முதுகில் தட்டிக்கொடுத்ததில் அமிலத்துக்கும் மட்டக் காகிதத்துக்கும் பங்கு இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

லண்டனில் ஆப்ரி பியர்ட்ஸ்லி என்ற ஓவியருக்கும் இதே தகடுதான் கிடைத்தது. காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. பகலில் பேரேடு, இரவில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படம். (இந்த ஒரு விஷயத்தில் எனக்கும் அவருக்கும் ஒற்றுமை உண்டு என்று சொல்லிக்கொள்ள ஆசை.) இருபது வயதில் ஆர்தர் மன்னன் கதைகளின் புதிய பதிப்புக்குப் படம் போடும் வேலை கிடைத்து, குமாஸ்தா உத்தியோகத்தை விட்டார். 1893-94இல் வெளிவந்த அந்தப் பதிப்புக்கு 300க்கும் மேற்பட்ட படங்கள் வரைந்தார். மாயக்காரிகள், வீரர்கள், வாள் ஏந்திய கைகள். லைன் பிளாக் என்ற அந்தத் தகட்டில் கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு, நடுவில் சாம்பல் கிடையாது. அவர் சாம்பலைப் போலி செய்ய முயலவில்லை. ஒரு அங்கி முழுக்க மையை ஊற்றினார், பக்கத்தில் ஒரு முகத்தை முழு வெள்ளையாக விட்டார். 25 வயதில் காசநோயில் இறந்துபோனார். அந்த ஆறேழு வருடப் படங்களைப் பார்த்தால், என் டிராகனுக்கு நான் போட்ட ஆயிரம் செதில்களும் கறுப்பா வெள்ளையா என்று முடிவெடுக்கப் பயந்து நடுவில் பதுங்கிய கோடுகள் என்று புரிகிறது.

13ஆம் நாளின் சொல் ‘சாம்பல்’. அதே டிராகனைத் திரும்ப வரைந்தேன், ஏ6இல். உடம்பு முழுக் கறுப்பு. செதில் மூன்றே இடத்தில்: தாடைக்குக் கீழே, தோள் திரும்பும் இடத்தில், வால் மடங்கும் இடத்தில். வெளிச்சம் நிழலாக மாறும் விளிம்புகள் அவை. அங்கே ஏழெட்டுச் செதிலைக் காட்டினால் மற்ற இடங்களில் பார்ப்பவரின் கண் தானே செதிலை ஒட்டிக்கொள்கிறது. சின்னத் தாத்தா பார்த்துவிட்டு, “இது நிக்கும்” என்றார்.

இதற்குப் பிறகு எல்லாம் நேர்ப்பாதை என்று சொல்ல ஆசைதான். 16ஆம் தேதி வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்தது. ஈரக் காற்றில் மை காயவே இல்லை. காய்ந்துவிட்டது என்று நம்பிப் பென்சிலை அழித்ததில் ஒரு காட்டுவாசியின் முகம் முழுக்க இழுபட்டு, அவன் ஓடிக்கொண்டிருக்கிற மாதிரி ஆகிவிட்டான். அறைக்குக் குறுக்கே துணிக்கொடி கட்டி, படங்களைக் கிளிப் மாட்டித் தொங்கவிட்டேன்.

17ஆம் நாள் ‘ஆபரணம்’. யாளி வரையலாம் என்று முடிவு செய்தேன். மதுரை ஆயிரங்கால் மண்டபத்தில் சின்ன வயதில் அண்ணாந்து பார்த்த யாளிகள் மனதில் இருந்தன. புதிதாகக் கற்ற பாடத்தை அப்படியே செலுத்தினேன். பிடரிச் சுருள்கள் வேண்டாம். கழுத்து மணிமாலை வேண்டாம். புருவத்தின் மேல் எழும் அலைகள் வேண்டாம். துதிக்கையும் பிதுங்கிய கண்ணும் முன்னங்கால் தூக்கலும் போதும். வரைந்து முடித்தபோது தாளில் இருந்தது பயந்துபோன ஒரு நாய்க்குட்டி. சளி பிடித்து மூக்கு வீங்கிய நாய்க்குட்டி.

என் சூத்திரம் அங்கே உடைந்தது. மந்திரவாதிக்குத் தாடி மேலே ஒட்டிக்கொண்ட பொருள். யாளியின் சுருள் அப்படி இல்லை. சிங்கம், யானை என்று கிடைத்த பாகங்களைச் சிற்பி ஒன்றாக இணைக்கும் பசையே அந்தச் சுருள்தான். அதை எடுத்தால் பாகங்கள் பிரிந்து விழுகின்றன. இரண்டாவது முறை பீடத்தையும் மணிமாலையையும் அடிக்காலில் ஒண்டியிருக்கும் குட்டி யானையையும் விட்டேன். பிடரிச் சுருள்களை மட்டும் ஒரே வேகத்தில், பிரஷ் பென்னைத் தூக்காமல், அலை மேல் அலையாக இழுத்தேன். யாளி ஓரளவுக்கு வந்தது. எதை விடுவது என்று பொதுவாகத் தீர்மானிக்க முடியாது, ஒவ்வோர் ஆளிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்று நோட்டில் எழுதி வைத்தேன். எழுதியது அன்றைய அசதியில். இருந்தாலும் சரிதான்.

22ஆம் நாள் ‘பேய்’. வேதாளத்தைத் தவிர வேறு யோசனையே வரவில்லை. அம்புலிமாமா படித்து வளர்ந்த யாரையும் கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டே சொல்வார்கள்: உருவிய வாளோடு நடக்கும் ராஜா, அவர் தோளில் தொங்கும் பிணம். கே.சி. சிவசங்கரன், எல்லோருக்கும் சங்கர், 1950களில் அந்தப் பத்திரிகையில் சேர்ந்து பல பத்தாண்டுகள் அதற்கு வரைந்தவர். (நான் இதை வரைந்த மறு வருடம், 2020 செப்டம்பரில் காலமானார்.) அவருடைய ராஜாவை நகலெடுக்க எனக்கு மனமில்லை, திறமையும் இல்லை. முதுகு வளைந்து நடக்கும் ஓர் உருவம், குறுக்கே தொங்கும் இன்னோர் உருவம், இரண்டும் சேர்ந்து ஒரே கறுப்புத் திட்டு. வாளுக்கு ஒரே ஒரு வெள்ளைக் கோடு. முகம் கிடையாது, கிரீடம் கிடையாது, வாளைப் பிடித்த கை கறுப்புக்குள் கரைந்துவிட்டது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

கொடியில் மாட்டியதும் அம்மா அந்தப் பக்கம் வந்தாள். “விக்கிரமாதித்தன் தானே?”

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆனால் படுக்கும்போது யோசித்தேன். அம்மா அடையாளம் கண்டது என் ஐந்து நிமிடத்தையா, சங்கர் மாதா மாதம் அவள் மனதில் போட்டுவைத்த சேமிப்பையா? வேதாளத்தைக் கறுப்புத் திட்டாக வரையலாம், ஏனென்றால் அது ஏற்கெனவே அம்மாவுக்குள் முழுதாக இருக்கிறது. பனி தேசத்து ராணியை அப்படி வரைந்தால் அம்மா “யாருடி இது, பால்காரம்மாவா?” என்பாள். தெரிந்த ஆளுக்குக் கோடு குறைய, தெரியாத ஆளுக்குக் கோடு கூட. இந்தக் கணக்கு அதற்குப் பிறகு எனக்கு ரொம்ப உபயோகமாக இருந்தது.

27ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை தீபாவளி. சொல் ‘கோட்டு’. எண்ணெய்க் குளியலுக்கும் பலகாரத்துக்கும் நடுவில் கால் மணி நேரம் கிடைத்தது. தரையைத் தொடும் கோட்டு, நிமிர்ந்த காலர், தொப்பிக்கும் காலருக்கும் நடுவில் ஒரு வெள்ளைப் பிளவு. மாயக் கொலையாளி. தீப்பெட்டியில் எப்படி இருந்ததோ அப்படியே தாளில் வந்த படம். இந்த மாதத்தின் மிகச் சிறந்த படம் என்று அன்று காலை நம்பினேன்.

அக்கா குடும்பத்தோடு வந்திருந்தாள். பட்டாசு நேரம் முடிந்து போரடித்துப்போன அக்கா மகள், கொடிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தாள். படத்தை எண்ணுகிறாள் என்று நினைத்தேன்.

“சித்தி, இவங்க யாருக்குமே ஏன் கை இல்ல?”

“இருக்கே குட்டி. கோட்டுக்குள்ள இருக்கு.”

“இவருக்கு?”

“தாடிக்குள்ள.”

“இவங்களுக்கு?”

“குளிருது இல்ல, அதான் உள்ள வெச்சிருக்காங்க.”

அவள் கொடியோடு நடந்துகொண்டே போனாள். பாறையைத் தூக்கிய குள்ளன்: கை பாறைக்குப் பின்னால். சூனியக்காரி: கம்பளிக்குள். வீரன்: கேடயத்துக்குப் பின்னால். ராஜா: கறுப்புக்குள். 27 படத்தில் விரல் தெரியும்படி கை இருந்தது நான்கில். அந்த நான்கில் ஒன்று எலும்புக்கூடு. விரல் எலும்பு புத்தகத்தைப் பார்த்துப் போட்டது.

எனக்குக் கை வரைய வராது. பள்ளிக்கூட நாளிலிருந்தே வராது. நான் வரையும் கை எப்போதும் வாழைப்பழச் சீப்பு மாதிரி இருக்கும். முதல் வாரத்தில் ஆயிரம் கோடு போட்டபோதும் கையை ஒளித்தேன். மூன்றாவது வாரத்தில் பத்துக் கோட்டில் வரைந்தபோதும் கையை ஒளித்தேன். எளிமை என்று நான் கொண்டாடிய கறுப்புத் திட்டுகளில் பாதி, கை போர்த்திக்கொள்ள ஒரு போர்வை. செதில் எனக்கு நன்றாகப் போட வரும். அதனால் மூன்று இடத்தில் போட்டுவிட்டு மற்றதை விட்டபோது, விட்டது நான். கையை நான் விடவில்லை. அது என்னிடம் இருந்ததே இல்லை, எப்படி விடுவது? இரண்டும் தாளில் ஒரே மாதிரி வெற்றிடமாகத்தான் தெரிகின்றன. ஏழு வயதுப் பெண் எண்ணிப் பார்க்கும் வரை எனக்கே வித்தியாசம் தெரியவில்லை.

28, 29 இரண்டு நாளும் எப்படியோ ஒப்பேற்றினேன். 30ஆம் நாளின் சொல் ‘பிடி’. பிடிப்பதென்றால் கை வேண்டும். பட்டியல் போட்டவருக்கு என் மேல் என்ன கோபமோ.

புதன்கிழமை காலை ரயிலில் தீப்பெட்டிக் கட்டம் எதுவும் போடவில்லை. எதிரில் கம்பியைப் பிடித்து நின்றவர்களின் கைகளைப் பார்த்துக்கொண்டே போனேன். பூக்கூடையைப் பிடித்த கை, கைபேசியைப் பிடித்த கை, தூங்கும் குழந்தையின் முதுகில் விரிந்து கிடந்த கை. பிடிக்கிற கையில் விரல்கள் தனித்தனியாக இயங்குவதே இல்லை. நடுவிரலும் மோதிர விரலும் ஜோடி சேர்ந்து வளைகின்றன, சுட்டுவிரல் கொஞ்சம் விலகி வழிகாட்டுகிறது, கட்டைவிரல் எதிர்ப் பக்கத்திலிருந்து வந்து கதவைச் சாத்துகிறது. இத்தனை வருடமாக ஐந்து வாழைப்பழத்தை வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தேன். இரவு, வேலைக்கு ஆகாத படங்களின் பின்பக்கத்தில் என் இடது கையையே பார்த்து வரைந்தேன். எலும்போடு, நகத்தோடு, மடிப்போடு, ரேகையோடு. எளிமை கிளிமை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, நாற்பது கை. டிராகனை வரைந்த தாளின் பின்பக்கமும் தீர்ந்தது. மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. கணக்குப்படி 31 பிறந்துவிட்டது.

அப்புறம் ஒரு ஏ6 தாளை எடுத்து, பிரஷ் பென்னால், மரக்கிளையிலிருந்து விழும் ஒரு குருவிக் குஞ்சைக் கீழே நின்று பிடிக்கும் பூதத்தை வரைந்தேன். பூதத்தின் உடம்பு தாளுக்கு வெளியே. மேலே ஒரு குஞ்சு, கீழே ஒரு பெரிய கை, நடுவில் வெள்ளை. கைக்கு ஒன்பது கோடு.

காலையில் அதைப் படம் பிடித்து அக்காவின் கைபேசிக்கு அனுப்பினேன். பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில், ஒரு பக்கம் தலை பின்னப்படும் குரலில், பதில் வந்தது.

“சித்தி, கை சூப்பர். ஆனா நாலு விரல்தான் இருக்கு. வேணும்னுதான விட்டீங்க?”

தாளை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வைத்து எண்ணினேன். நான்குதான் இருந்தது. சுண்டுவிரலை விட்டேனா மறந்தேனா என்று எத்தனை யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது.